ஜப்பானியர் வாழ்வில் பெயர்முத்திரை

மனிதன் தன் சொல்லுக்குத் தானே பிணை நிற்பதற்குக் கண்ட வழிகள் பல. சான்றோர் முன்னிலையில் வாக்களித்தல் ஒரு வழி. கைந்நாட்டு இடுதல் ஒரு வழி. கையொப்பம் இடுதல் மற்றொரு வழி. ஜப்பானியர் இவற்றுள் எதனையும் முற்றாகக் கைவிடாமல், தமக்கென வேறொரு வழியையும் நீண்ட காலம் போற்றி வந்துள்ளனர். மரம், கொம்பு, கல் முதலியவற்றில் தம் பெயரை இடம் வலம் மாறச் செதுக்கி, சிவந்த மையில் தோய்த்துத் தாளில் ஒற்றுவதே அவ்வழி. அச்சிறு கருவியைப் பேச்சு வழக்கில் 'ஹன்கோ' என்பர். அது பதிக்கும் உருவை, சிறப்பாக அதிகாரிகளிடம் பதிவு செய்யப்பெற்ற உருவை, 'இன்கான்' என்பர். இன்று இவ்விரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்குகின்றன.

பிற நாடுகளிலும் முத்திரை உண்டு. ஆயின் பல நாடுகளில் அது மன்னர்க்கும் அலுவலகத்திற்கும் உரியதாகவே நின்றுவிட்டது. ஜப்பானில் அது அரண்மனையிலிருந்து இறங்கி, போர்த்தலைவன் பாசறை வழியாக, உழவன் குடிசைக்குச் சென்று சேர்ந்தது. அந்த இறக்கத்தின் வரலாறே பெயர்முத்திரையின் வரலாறு எனலாம். யாருடைய சொல் செல்லும், யாருடைய சொல் செல்லாது என்னும் வினா அவ்வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கின்றது.

வயலில் கிடைத்த பொன்

ஜப்பானில் கிடைத்த முத்திரைகளுள் மிகப் பழமையும் பெரும்புகழும் உடையது ஒரு பொன்முத்திரை. 1784ஆம் ஆண்டு, இன்றைய ஃபுகுவோக்கா நகரைச் சேர்ந்த ஷிக்கானோஷிமா என்னும் தீவில், வயலின் வாய்க்காலைச் சீர்செய்தபோது இது வெளிப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. ஒரு பக்கம் ஏறத்தாழ 2.3 செ.மீ. அளவும், ஏறத்தாழ 108.7 கிராம் எடையும் கொண்ட இச்சதுர முத்திரையின் பிடி பாம்பு வடிவில் அமைந்துள்ளது. முகத்தில் ஐந்து சீன எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஹான் பேரரசுக்கு உட்பட்ட 'வா' நாட்டின் 'நா' என்னும் பகுதிக்குரிய மன்னன் என்பது அவற்றின் பொருளெனப் பெரும்பாலோர் கொள்வர்.

கி.பி. 57இல் நா நாட்டுத் தூதர் சீனப் பேரரசர் குவாங்வூவின் அவைக்கு வந்தனர் என்றும், பேரரசர் முத்திரை அளித்தார் என்றும் சீன வரலாற்று நூலான 'பிற்கால ஹான் நூல்' குறிப்பிடுகின்றது. அம்முத்திரையே இது என அக்காலத்திலேயே கண்டுரைத்தவர் ஃபுகுவோக்காவின் அறிஞர் கமேய் நன்மேய் ஆவார். குரோதா என்னும் சிற்றரசர் குடும்பத்தின் உடைமையாக நெடுங்காலம் இருந்த அப்பொன், 1978இல் நகருக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது. இன்று ஃபுகுவோக்கா நகர அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றுள்ளது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அம்முத்திரை நா மன்னன் தானே செய்து கொண்டதன்று. பேரரசன் அவனுக்கு அளித்தது. அதில் மன்னனின் இயற்பெயர் இல்லை. நாட்டின் பெயரும் பதவியுமே உள்ளன. எனவே ஜப்பானிய மண்ணின் முதற்பெரும் முத்திரை தனி ஒருவரின் அடையாளமாகத் தோன்றவில்லை. ஒருவன் மற்றொருவனால் ஏற்கப்பட்டான் என்பதற்குச் சான்றாகவே தோன்றியது.

சட்டம் வகுத்த சதுரங்கள்

கி.பி. 701இல் இயற்றப்பெற்ற தாய்ஹோ சட்டத்தொகுதி, சீனத் தாங் அரசின் முறையைப் பின்பற்றி முத்திரைகளை ஆட்சிக் கருவிகளாக வரையறுத்தது. அதிகாரத்தின் உயரம் முத்திரையின் அகலத்தால் அளக்கப்பட்டது. பேரரசரின் 'உள்முத்திரை' மூன்று சுன் சதுரம். உயர் ஆட்சிக் குழுவின் 'வெளிமுத்திரை' இரண்டரை சுன். துறைகளின் முத்திரை இரண்டு சுன்னும் அதன் ஐந்தில் ஒரு பங்கும். மாநில முத்திரை இரண்டு சுன். ஒரு சுன் ஏறத்தாழ மூன்று செ.மீ. ஆகும். கி.பி. 704இல் மாநிலங்களுக்கு உரிய முத்திரைகள் வார்க்கப்பட்டன. நாராவிலுள்ள ஷோசோயின் கருவூலத்தின் பழந்தாள்களில் மாநில முத்திரைகளின் செம்பதிவுகளை இன்றும் காணலாம். எழுத்துகளின் மீதே முத்திரைகள் நெருக்கமாக ஒற்றப்பட்டன. எழுதியதைப் பின்னர் ஒருவர் திருத்திவிடாமல் காப்பதே அதன் நோக்கம்.

இம்முறையில் தனிமனிதர்க்கு இடமில்லை. விலக்காகச் சிலர்க்கே அவ்வுரிமை வாய்த்தது. பேரரசி கோம்யோவின் கைப்பட எழுதிய ஏடொன்றில் அவர் பிறந்த ஃபுஜிவாரா குடியைச் சுட்டும் முத்திரை காணப்படுகின்றது. அவருடைய உடன்பிறந்தார் மகனும் பெருஞ்செல்வாக்கு உடையவனுமான ஃபுஜிவாரா நகமாரோ, கி.பி. 758இல் எமி என்னும் சிறப்புப் பெயரோடு தன் குடிக்கெனத் தனிமுத்திரை பயன்படுத்தும் உரிமையும் பெற்றான்.

அதே நகமாரோ கி.பி. 764இல் துறவுநிலைப் பேரரசி கோகென்னுக்கு எதிராக எழுந்தபோது, இரு தரப்பாரும் முதற்கண் நாடியவை கோட்டையும் கருவூலமும் அல்ல. பேரரசரின் முத்திரையும், குதிரை அஞ்சலை ஏவும் மணியுமே. பேரரசியின் ஆள் அவற்றைக் கைப்பற்றச் சென்றான். நகமாரோவின் மகன் வழிமறித்துப் பறித்தான். பேரரசியின் வீரர் அவனை எய்து வீழ்த்தினர். உள்முத்திரையை இழந்த நகமாரோ வெளிமுத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓமி நாட்டை நோக்கி ஓடினான். பீவா ஏரிப் பகுதியில் கொல்லப்பட்டான். கைக்கு அடங்கும் வெண்கலத் துண்டுக்காக உயிர்கள் மாய்ந்தன. முத்திரை எவன் கையில் உள்ளதோ அவன் சொல்லே அரசின் சொல் என்னும் நிலையின் ஆற்றலையும் அச்சத்தையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகின்றது.

கையெழுத்தும் கையும்

பத்தாம் நூற்றாண்டையொட்டி மையஆட்சி தளர்ந்தது. முத்திரையின் இடத்தைத் தூரிகை பிடித்தது. பெயரின் எழுத்துகளை விரைவாக எழுதி எழுதி, பிறரால் படிக்க இயலாத ஓவியம் போன்ற குறியாக்கினர். இதனைக் 'காவோ' என்றனர். காமக்குரா ஆட்சியை நிறுவிய மினமோத்தோ யோரித்தோமோ தன் பெயரின் ஈரெழுத்துகளிலிருந்தும் ஒவ்வொரு பாதியை எடுத்து இணைத்துத் தன் காவோவை அமைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் இசே சதத்தாகே இத்தகு குறிகளை ஐந்து வகையாகப் பகுத்துள்ளார்.

எழுதத் தெரிந்தவர்க்குக் காவோ உண்டு. தெரியாதவர் நிலை என்ன? இவ்வினாவைச் சட்டம் மிக முன்பே எதிர்கொண்டிருந்தது. மனைவியை விலக்குவோன் தன் கைப்பட எழுதித் தரவேண்டும் என்றும், எழுத அறியாதவனாயின் தன் விரலைத் தாளில் வைத்து அளவு குறிக்கவேண்டும் என்றும் பழஞ்சட்டம் விதித்தது. விரலின் நீளமும் கணுக்களும் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டன. பிற்காலத்தார் வட்டமோ சிறு கோடோ இட்டனர். தூரிகைக் காம்பின் அடியை மையில் தோய்த்து ஒற்றியவரும் உண்டு. தனக்கென எதுவும் இல்லாத ஒருவன், எழுதுவோனின் தூரிகையைத் தலைகீழாகப் பிடித்துத் தன் இசைவைப் பதித்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எழுத்தில் வல்லவரும் கையையே நாடிய தருணங்கள் உண்டு. 'ஷின் கோகின்ஷூ' என்னும் புகழ்பெற்ற கவிதைத் தொகை எழக் காரணமானவர் பேரரசர் கோதோபா, அவரும் கவிஞரே. 1221இல் காமக்குரா ஆட்சியை எதிர்த்துத் தோற்று, ஓக்கி என்னும் தொலைத்தீவுக்குக் கடத்தப்பட்டார். 1239இல் அங்கே தம் இறுதி விருப்ப ஆவணத்தை எழுதினார். தாம் நேசித்த மினாசேப் பகுதியின் உடைமையையும், தம் மறுமைக்கான வழிபாட்டையும் அன்பர் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார். எழுத்தின்மீது தம் இரு உள்ளங்கைகளையும் சாதிலிங்கச் சிவப்பில் தோய்த்துப் பதித்தார். இரண்டு வாரங்களுக்குள் மறைந்தார். ஒரு காலத்தில் பேரரசின் முத்திரையைத் தம் பெயரால் ஏவியவர்க்கு, முடிவில் எஞ்சிய முத்திரை அவர் கைகளே.

புலியும் படையும்

சீனத்துச் சோங் அரசின் காலத்தில் கடல் கடந்து வந்து சென்ற சென் துறவியரும் ஓவியரும் தனிமுத்திரையை மீண்டும் கொணர்ந்தனர். பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது ஆட்சிக் கருவியாயிற்று. போர்த்தலைவர் வெளியிட்ட முத்திரை ஆணைகளுள் இன்று அறியப்படும் மிகப் பழையது, 1487இல் இமகாவா உஜிச்சிகா கரிய மையில் ஒற்றியதாகும். அப்போது அவன் தனக்குரிய காவோ அமையாத இளைஞன். ஆளும் நிலப்பரப்பு விரிந்து, ஆணைகள் பெருகியபோது, ஒவ்வொன்றிலும் தலைவன் கைப்பட எழுதுதல் இயலாதாயிற்று. முத்திரை அக்குறையை நிரப்பியது.

இக்காலத்து முத்திரைகளுள் ஓதவாராவிலிருந்து ஆண்ட ஹோஜோ குடியினரின் புலிமுத்திரை தனியிடம் பெறுகின்றது. ஏறத்தாழ ஏழரை செ.மீ. சதுரத்தின் மேல் புலி ஒன்று படுத்திருக்க, கீழே நான்கு எழுத்துகள் உள்ளன. உடைமையும் உயிரும் அமைதியுறுக என்பது அவற்றின் கருத்து. 1518இல் இம்முத்திரையை நடைமுறைப்படுத்தியபோதே, புலிமுத்திரை இல்லாத ஆணையோடு எந்த அதிகாரி வந்து மரமோ மூங்கிலோ வேலையாளோ கேட்டாலும் கொடுக்கவேண்டா என ஊர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை கீழ் அலுவலர் தம் மனம்போல் ஊராரை வருத்த இயன்றது. இனி ஊரார் ஒரு தாளைக் காட்டச் சொல்லலாம். அதில் புலி இல்லையேல் மறுக்கலாம். எளியவனின் கையில் மறுக்கும் உரிமையைத் தந்த முத்திரை என இதனைப் போற்றலாம். 1590இல் ஓதவாரா வீழும் வரை இது வழக்கில் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, ஓதா நொபுநாகா 1567 முதல் ஒற்றிய முத்திரை, வானத்தின் கீழெங்கும் படைவலிமை பரவுக என்னும் கருத்தினைத் தாங்கியது. கிறித்தவம் தழுவிய சிற்றரசர் சிலர் உரோமன் எழுத்துகளையும் பொறித்தனர். ஓதோமோ சோரின் தன் திருமுழுக்குப் பெயரான பிரான்சிஸ்கோவைச் சுருக்கிப் பொறித்தான். குரோதா யோஷித்தாக்கா சிமியோன் என்னும் பெயரைப் பொறித்தான். பொன்முத்திரையைப் பின்னாளில் காத்தவர் இக்குரோதாவின் மரபினரே. வடபுலத்துத் தாத்தே மசமுனேவைப் பற்றி ஒரு மரபுக்கதை வழங்குகின்றது. கலகத்தைத் தூண்டிய மடல் உன்னுடையதே என ஹிதேயோஷி வினவியபோது, பறவை வடிவான தன் காவோவின் கண்ணில் தான் எப்போதும் ஊசித்துளை இடுவதாகவும், அம்மடலில் அது இல்லை எனவும் கூறித் தப்பினான் என்பது அக்கதை. குறிகளைப் போலியாக அமைக்கும் அச்சம் அக்காலத்தில் எத்துணைப் பரவியிருந்தது என்பதற்கு இக்கதையே சான்று.

உழவர் கைக்கு வந்த முத்திரை

தொக்குகாவா குடியினர் நாட்டை ஒருமைப்படுத்திய பின், 1604 முதல் 1635 வரை அயல்நாடு சென்ற வணிகக் கப்பல்கள் ஆட்சியாளரின் செம்முத்திரைச் சீட்டுடன் சென்றன. சயாம், லூசோன், அன்னாம் முதலிய துறைமுகங்களுக்கு முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இவ்வாறு சென்றதாகக் கணக்கிடுவர்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஓசையின்றி ஊர்களில் நிகழ்ந்தது. நிலவிற்பனை, கடன், வரிக்கணக்கு, ஆண்டுதோறும் எடுக்கப்பெற்ற சமயக் குடிக்கணக்கு ஆகிய அனைத்திலும் குடும்பத் தலைவனின் முத்திரை வேண்டப்பட்டது. ஊர்த்தலைவன் ஒவ்வொரு வீட்டு முத்திரையின் மாதிரியையும் ஏட்டில் பதித்து வைத்திருந்தான். ஐயம் நேர்ந்தபோது அதனோடு ஒப்பிட்டனர். 'இன்கான்' என்னும் சொல் ஒப்பிட்டுப் பார்க்கும் முத்திரை மாதிரி எனப் பொருள்படுவது இவ்வழக்கினாலேயே. செந்நிறம் உயர்ந்தோர்க்கு உரியது. குடிமக்கள் கரிய மையையே பயன்படுத்தினர். குலப்பெயரைப் பொதுவில் வழங்கும் உரிமையற்ற உழவனும் முத்திரை வைத்திருந்தான்.

ஆயினும் அம்முத்திரை வீட்டுக்குரியது. வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் உரியதன்று. மனைவியும் இளைய மக்களும் தலைவனின் ஒற்றை முத்திரைக்குள் அடங்கினர். முத்திரை இல்லாதவர் நகத்தை மையில் தொட்டு ஒற்றினர். குற்ற வாக்குமூலங்களில் இந்நகக்குறிகள் மிகுதி.

அடங்கியிருந்த உழவர் ஒன்றுதிரண்டபோது அதே முத்திரை வேறொரு பணியைச் செய்தது. கொடிய வரியை எதிர்த்து முறையிடுவோர் தம் பெயர்களை வரிசையாக எழுதாமல், குடையின் கம்பிகள் போல வட்டமாக எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் முத்திரை ஒற்றினர். இதனைக் 'குடைக் கூட்டு முத்திரை ஆவணம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். வட்டத்திற்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. எனவே தலைவன் யார் எனக் கண்டு தண்டிப்பது அரிதாகும் என்பர். அனைவரும் நிகர் எனக் காட்டுவதே நோக்கம் என்பாரும் உளர். 1754 முதல் 1758 வரை குஜோ நாட்டில் நிகழ்ந்த உழவர் எழுச்சியிலும் இத்தகு ஆவணங்கள் எழுந்தன. வரி கட்டுவதற்கெனக் கொடுக்கப்பட்ட முத்திரையைக் கொண்டே வரியை மறுத்தனர் அம்மக்கள்.

கலைஞர் முத்திரை

ஆவண உலகிற்கு அப்பால், முத்திரை கலையாகவும் வளர்ந்தது. 1653இல் சீனத்திலிருந்து வந்த தொகுர்யூ என்னும் துறவியும், 1677இல் வந்த ஷின்எத்சு என்னும் துறவியும் செதுக்குகலையைப் பரப்பினர். பின் வந்த கோ ஃபுயோ பண்டைச் சீன எழுத்துகளை ஆழ்ந்து கற்று, முத்திரைக் கலையின் தூயோர் எனப் போற்றப்பட்டார். அவர் மறைந்த 1784ஆம் ஆண்டே பொன்முத்திரை மண்ணிலிருந்து வெளிப்பட்ட ஆண்டும் ஆகும்.

கவிதை எழுதிய சுருளிலும் ஓவியத்திலும் பெயருக்குக் கீழே ஒன்றிரண்டு முத்திரைகள் ஒற்றப்படும். வலப்பக்க மேல்முனையில் தொடக்கத்தைக் குறிக்கும் முத்திரை இடம்பெறும். எழுத்தைக் குடைந்து செதுக்கினால் சிவப்பில் வெண்மையாகவும், எழுத்தைப் புடைப்பாக விட்டுச் செதுக்கினால் வெண்மையில் சிவப்பாகவும் தோன்றும். கரிய மையும் வெண்தாளும் மட்டுமே உள்ள பரப்பில் அச்சிவப்பே ஒரே நிறம். படைப்பு நிறைவுற்றது என்னும் இறுதிச் சொல்லும் அதுவே.

கலைஞர் முத்திரை பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டதன்று. ஹொக்குசாய் தம் பெயரைப் பலமுறை மாற்றியவர், முத்திரைகளையும் மாற்றினார். ஆமையின் மயிரும் பாம்பின் காலும் எனப் பொருள்படும் முத்திரை ஒன்றைத் தம் மாணாக்கர் ஒருவர்க்கு அளித்தார். எண்பத்தெட்டாம் அகவை முதல் 'நூறு' என்னும் ஒற்றைச் சொல்லையே முத்திரையாகக் கொண்டார். 1849இல், நூறை எட்டாமலே மறைந்தார். அரசின் ஏட்டில் முத்திரை ஒருவன் யார் எனக் கூறியது. கலைஞர் கையில் அவன் யாராக விரும்பினான் எனக் கூறியது.

கையொப்பத்தோடு ஒரு வழக்கு

மெய்ஜி ஆட்சி மேலைநாட்டு முறைகளை விரைந்து மேற்கொண்டபோது முத்திரைக்கும் சோதனை வந்தது. மக்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஆவணங்களில் பெயரெழுதி, பதிவுபெற்ற முத்திரையும் ஒற்றவேண்டும் என்னும் ஆணை 1873ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் செயலுக்கு வந்தது. அந்நாளையே இன்றும் முத்திரைத் தொழிலினர் முத்திரை நாளாகக் கொண்டாடுகின்றனர். 1874இல் மூன்று சுன் சதுரமும் ஏறத்தாழ மூன்றரை கிலோ எடையும் உடைய பொன்னாலான நாட்டுமுத்திரை உருவாயிற்று. 1875இல் குடிமக்கள் அனைவரும் குலப்பெயர் கொள்ளவேண்டும் என அரசு கட்டாயமாக்கியது.

ஐரோப்பிய முறையில் கையொப்பமே போதும் எனச் சட்டத் துறையினர் விரும்பினர். தம் பெயரை எழுத இயலாத மக்கள் மிகுந்திருந்தமையும், வணிகர் நாள்தோறும் ஒப்பமிடவேண்டிய தாள்கள் பெருகியமையும் அதற்குத் தடையாயின. வெளிநாட்டார்க்குக் கையொப்பமே போதும் என 1899இல் ஒரு சட்டம் இசைந்தது. வணிகச் சட்டம் ஒப்பம் வேண்டும் இடங்களில், பெயரைப் பொறித்து முத்திரை ஒற்றினாலே போதும் என 1900இல் மற்றொரு சட்டம் இசைந்தது. சட்டத்தில் கையொப்பம் முதன்மை பெற்றது. வாழ்வில் முத்திரை வென்றது.

இருபதாம் நூற்றாண்டில் மூவகை முத்திரைகள் வழக்கில் நிலைபெற்றன: நகராட்சியில் பதிவு பெற்ற 'ஜிட்சு-இன்', வங்கிக்குரிய 'கிங்கோ-இன்', அன்றாடப் பணிகளுக்குரிய 'மித்தோமே-இன்'. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மலிவு முத்திரை 'மூன்று காசு முத்திரை' எனப் பெயர் பெற்றது. உறுதியாகப் பரிந்துரைப்பதைப் பெரிய முத்திரை ஒற்றுதல் எனக் கூறும் மரபுத்தொடரும் மொழியில் வேரூன்றியது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆவணத்திலுள்ள பதிவு ஒருவரின் முத்திரையோடு பொருந்துமாயின், அவர் விருப்பத்தாலேயே அது ஒற்றப்பட்டதெனக் கருதலாம் என உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. அன்று என எதிர்ச்சான்று காட்ட இடமுண்டு. ஆயினும் காட்டும் சுமை முத்திரைக்கு உரியவரையே சாரும். மனிதர் வாய்திறப்பதற்கு முன்பே அவர் முத்திரை பேசிவிடுகின்றது. முத்திரையைக் களவு கொடுத்தவரும், நம்பி இரவல் கொடுத்தவரும் படும் துன்பத்தின் வேர் இதுவே. யானைத் தந்தம் இத்தொழிலில் பெருமளவு பயன்பட்டமை மற்றொரு கறை. ஒருவரின் பெயர் நிலைக்க, தொலைநாட்டு யானை உயிர்விட்டது.

நிறைவாக

2020இல் கொள்ளைநோய் பரவியபோது, வீட்டிலிருந்தே பணிபுரியவேண்டிய அலுவலர் பலர் முத்திரை ஒற்றுவதற்கென்றே அலுவலகம் செல்ல நேர்ந்தது. முத்திரை இல்லையாயினும் ஒப்பந்தம் செல்லும் என அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசு விளக்கியது. ஏறத்தாழ 15,000 அரசு நடைமுறைகளுள் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றில் எளிய முத்திரை நீக்கப்படும் என நவம்பரில் அமைச்சர் கோனோ தாரோ அறிவித்தார். 2021 செப்டம்பர் முதல் திருமண, மணவிலக்குப் பதிவுகளிலும் முத்திரை கட்டாயமன்று. நிலப்பதிவு போன்ற பெருஞ்செயல்களில் பதிவுபெற்ற முத்திரை இன்னும் நீடிக்கின்றது.

இதனை ஒரு மரபின் வீழ்ச்சி என வருந்துவாரும், வீண்சுமை நீங்கிற்று என மகிழ்வாரும் உளர். வரலாறு கூறுவது வேறு. விரல் அளவும், தூரிகைக் காம்பும், உள்ளங்கையும், புலியும், குடை வட்டமும் ஒரே தேவைக்கு வெவ்வேறு காலத்தில் கிடைத்த விடைகள். எழுத அறியாதவனையும் சொல்லுக்கு உரியவனாக ஏற்றதே முத்திரை செய்த நற்பணி. ஒற்றியவனை மறந்து ஒற்றியதையே மதித்தது அதன் குறை. கருவி மாறலாம், பொன்னும் மரமும் போய் மின்னணுக் குறி வரலாம். சொன்ன சொல்லுக்கு ஒருவர் பின்னின்று பொறுப்பேற்க வேண்டும் என்னும் தேவை மாறுவதில்லை. சொல்லையே தம் உடைமையாகக் கொண்ட கவிஞர்க்கு இது புதிய செய்தியன்று.